'பேட்' எப்படி நேர்மறை ஆனது?

ஏழாம் வகுப்புப் படிக்கும் அக்கா மகள் தன் ஆங்கில இலக்கணக் கையேட்டை நீட்டினாள். 'பேட், வர்ஸ், வர்ஸ்ட்' என்று ஒரு வரிசை. 'பேட்' என்பதற்கு மேலே 'நேர்மறை நிலை' என்று அச்சடித்திருந்தார்கள். "கெட்டது எப்படி மாமா நேர்மறை?" என்றாள்.

ஆங்கிலத்தில் ஒப்பிட்டுச் சொல்லும் பெயரடைக்கு மூன்று 'டிகிரி': பாசிட்டிவ், கம்பேரட்டிவ், சூப்பர்லேட்டிவ். முதலாவதைத்தான் கையேடு 'நேர்மறை நிலை' ஆக்கியிருந்தது. டிகிரிக்கு மூலம் லத்தீனின் 'கிராதுஸ்'. படி என்று பொருள். பாசிட்டிவ் என்பது 'வைத்தல்' என்னும் வினையிலிருந்து வந்தது: எதனோடும் ஒப்பிடாமல் உள்ளபடி வைத்த வடிவம். சூப்பர்லேட்டிவ், மேலே கொண்டுபோனது. 4ஆம் நூற்றாண்டிலேயே ரோமானிய இலக்கண ஆசிரியர் தொனாத்துஸ் இந்த மூன்று படிகளையும் சொல்லிவிட்டார். நல்லது கெட்டது என்ற பேச்சே இதில் இல்லை.

ஆனால் நம் மொழிபெயர்ப்பாளருக்குப் பாசிட்டிவ் என்றாலே நேர்மறைதான். ரத்தப் பரிசோதனையோ இலக்கணமோ, எல்லாவற்றுக்கும் ஒரே முத்திரை. 'வேறெந்த மலையும் எவரெஸ்ட் அளவுக்கு உயரமில்லை' என்பதை ஆங்கிலத்தில் எழுதினால் அது பாசிட்டிவ் டிகிரி. எதிர்மறை வாக்கியத்தை நேர்மறை நிலை என்று சொல்லிக்கொடுத்தால் பிள்ளை எதைத்தான் நம்பும்?

அப்புறம், இந்த 'நேர்மறை'யே கோணல் சொல். மறை என்றால் மறுப்பு. எதிர்மறைக்கு ஜோடி வேண்டுமென்று 'நேர்' சேர்த்து ஒட்டவைத்தது. நம் இலக்கணத்தில் 'உடன்பாடு' என்ற அருமையான சொல் இருக்க, மறுப்பை வைத்தே ஆமோதிக்கிறோம்!

'இயல்புப் படி' என்றால் போதும். வினையடைக்கும் அது பொருந்தும்: 'ஃபாஸ்ட்' இயல்பு, 'ஃபாஸ்டர்' அடுத்த படி. அந்த அடுத்த படியை 'ஒப்பீட்டுப் படி' என்பதில் எனக்குச் சண்டையில்லை. ஆனாலும் ஒப்பு என்றால் சமம் என்றும் படும். 'காக்கையிற் கரிது களம்பழம்' என்று ஐந்தாம் வேற்றுமைக்கு எடுத்துக்காட்டுச் சொன்ன பழைய உரைகாரர்கள், ஒன்றை ஒன்று மிஞ்சுவதை 'உறழ்' என்று தனியே பிரித்தார்கள். களாப்பழம் காக்கையையும் மிஞ்சிய கறுப்பு. ஆகவே என் ஓட்டு 'உறழ்படி'க்கு. தமிழில் பெயரடை உருமாறுவதில்லை, 'விட', 'காட்டிலும்' வைத்தே காரியம் நடக்கிறது என்பது சரிதான். அதற்காக இருக்கும் சொல்லைப் பரணில் போட வேண்டுமா?

மூன்றாவதைச் சிலர் 'மீயுயர் நிலை' என்கிறார்கள். 'ஸ்மாலஸ்ட்' எங்கே உயர்ந்தது? 'உச்சப் படி' என்றால் சிறுமையின் உச்சமும் அதில் அடங்கிவிடும்.