காகிதம் இல்லையென்று பிள்ளையைத் திருப்பி அனுப்ப முடியாது

ஜூன் பிறந்தால் நீலகிரியில் கூடலூர், பந்தலூர், கோத்தகிரி பக்கத்துப் பள்ளிகளில் இதைப் பார்க்கலாம். ஒருநாள் கூலியை விட்டுவிட்டு, பிள்ளையைக் கையில் பிடித்தபடி வந்து நிற்கும் தோட்டத் தொழிலாளியிடம் "ஆதார் எங்கே, டிசி (மாற்றுச் சான்றிதழ்) எங்கே, சாதிச் சான்று எங்கே" என்று கேட்டுத் திருப்பி அனுப்புகிறார்கள். இந்த மூன்றில் ஒன்று இல்லையென்றாலும் சேர்க்கையை மறுக்கக் கூடாது.

இந்தத் தொழிலாளர்களில் பலர் இலங்கையிலிருந்து வந்த குடும்பங்கள். 1964 இந்திய-இலங்கை ஒப்பந்தப்படி வந்த தாயகம் திரும்பியோர் இந்தியக் குடிமக்கள். 1983-க்குப் பிறகு போருக்குத் தப்பி வந்தவர்களின் நிலை வேறு. அலுவலகங்களில் இரு தரப்பையும் குழப்பி, "நீங்க அகதிதானே" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவார்கள். பள்ளிச் சேர்க்கைக்கு அந்த விசாரணையே வேண்டியதில்லை. 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் 6 முதல் 14 வயது வரையுள்ள எல்லாப் பிள்ளைகளுக்கும் உரியது.

பிறப்புச் சான்று இல்லையா? அங்கன்வாடிப் பதிவேடு போதும். அதுவும் இல்லையென்றால் வயதைப் பெற்றோரே எழுதிக் கொடுக்கலாம். வயதுச் சான்று இல்லையென்று மறுக்கக் கூடாது என்கிறது பிரிவு 14. டிசி தாமதமானாலும் சேர்க்கையைத் தள்ளிப்போடக் கூடாது என்கிறது பிரிவு 5. தோட்டம் மாறி, லைன் வீட்டை (தோட்டத் தொழிலாளர் குடியிருப்பு) காலி செய்து பாதி வருஷத்தில் வரும் குடும்பங்கள் இதைக் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். நவம்பரில் போனாலும் சேர்த்தாக வேண்டும். வயதுக்கேற்ற வகுப்பில் சேர்க்க வேண்டும்.

வாய்வார்த்தையாக "முடியாது" என்று சொன்னதைக் கேட்டுக்கொண்டு வீட்டுக்குப் போகாதீர்கள். வெள்ளைத்தாளில் விண்ணப்பம் எழுதிக் கொடுங்கள், நகலில் தேதியோடு கையெழுத்து கேளுங்கள். பெரும்பாலும் அந்த இடத்திலேயே பேச்சு மாறும். மாறாவிட்டால் அதே நகலோடு வட்டாரக் கல்வி அலுவலரிடம் போங்கள். கல்வித் துறை உதவி எண் 14417, குழந்தைகள் உதவி எண் 1098.

சேர்ந்த பிறகும் கவனம் வேண்டும். பிள்ளை வீட்டிலிருந்து சோறு கொண்டுபோகிறது என்று சத்துணவுக்குப் பெயர் கொடுக்காமல் விடுகிறார்கள். 8-ஆம் வகுப்பு வரை இலவசச் சீருடையும், மலைப்பகுதிக்கான ஸ்வெட்டரும் சத்துணவுப் பட்டியலை வைத்தே வருகின்றன. ஜூலை மழையில் ஸ்வெட்டர் இல்லாமல் ஒரு பிள்ளை நடுங்கிக்கொண்டு வகுப்பில் உட்கார்ந்திருப்பதற்கு, பதிவேட்டில் விட்டுப்போன ஒரு வரி காரணமாக இருக்கக் கூடாது. சேர்த்த நாளிலேயே பெயர் கொடுத்துவிடுங்கள்.

அடுத்தது பெயர். கண்டியில் வாங்கிய பாஸ்போர்ட்டில் தாத்தா பெயர் ஒரு மாதிரி, ரேஷன் கார்டில் வேறு மாதிரி, பள்ளியின் எமிஸ் (மாணவர் விவரங்களுக்கான கல்வித் துறையின் கணினிப் பதிவு) பதிவில் இன்னொரு மாதிரி. 10-ஆம் வகுப்புத் தேர்வுப் பட்டியல் எமிஸிலிருந்துதான் போகிறது. மதிப்பெண் பட்டியலில் ஏறிவிட்ட பிழையைத் திருத்துவது பெரும்பாடு. 9-ஆம் வகுப்பிலேயே இனிஷியலையும் எழுத்தையும் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

தாயகம் திரும்பிய குடும்பங்கள் சாதிச் சான்றுக்கும் அப்போதே இ-சேவையில் விண்ணப்பியுங்கள். தாத்தா இலங்கையில் பிறந்தவர் என்று சொல்லி கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர், தாசில்தார் என்று மேசைக்கு மேசை அலையவிடுவார்கள். அந்தப் பழைய பாஸ்போர்ட்டும் வந்திறங்கியபோது மண்டபம் முகாமில் கொடுத்த குடும்ப அட்டையும்தான் உங்கள் பிடி. அசலை யாரிடமும் விட்டுவிட்டு வராதீர்கள், நகல் மட்டும் கொடுங்கள். விண்ணப்பத்தை நிராகரித்தால் காரணத்தை எழுத்தில் வாங்குங்கள்.

இடையில் ஒரு வருஷம் தனியார் ஆங்கிலப் பள்ளியில் போட்டுப் பார்க்கலாம் என்று நினைப்பவர்களுக்கு: மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு, 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கானது. அந்த ஒரு வருஷத்தோடு அது கைநழுவிவிடும். பள்ளி மாற்றும் முன் தலைமையாசிரியரிடம் இதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.