மொட்டைமாடிப் பெட்டிக்குள் தண்ணீர் வந்த வழி

கொழும்பு வெள்ளவத்தையில், கடலோர வீதியான மரைன் டிரைவுக்குப் பக்கத்துத் தொடர்மாடி. இன்டர்நெட் நின்றுவிட்டது என்று கூப்பிட்டார்கள். மொட்டைமாடியில் நெட்வொர்க் சுவிட்ச் (இன்டர்நெட் கேபிள்களை இணைக்கும் கருவி) வைத்த பெட்டியைத் திறந்தால் அடியில் ஒரு விரற்கடைத் தண்ணீர், எர்த் வயரின் முனையில் பச்சைக் களிம்பு.

“ஐபி65 பெட்டி என்றுதானே அண்ணா வாங்கினோம்?” என்றார் பராமரிப்புத் தம்பி.

பெட்டியில் பிழை இல்லை. யாரோ மேல்தட்டில் துளை போட்டுக் கேபிளை இறக்கி, சிலிக்கன் பூசியிருந்தார்கள். வெயிலில் சிலிக்கன் உரிந்து, மழை கேபிளோடு உள்ளே இறங்கியிருக்கிறது.

இங்கே ஐபி என்பது இன்டர்நெட் முகவரி அல்ல, பெட்டி தூசியையும் நீரையும் எவ்வளவு தடுக்கும் என்ற தரக்குறி. ஐபி65 என்பதில் 6 தூசி புகாது என்பதற்கு, 5 குழாயால் பீய்ச்சும் நீருக்குத் தாங்கும் என்பதற்கு. நாம் துளை போட்ட நிமிடமே அந்தக் கணக்கு துளையின் கையில். ஆகவே துளை எப்போதும் அடித்தட்டில். கேபிளின் தடிப்புக்கு ஏற்ற கிளாண்ட் (துளையில் கேபிளை இறுக்கிப் பிடித்து நீரை அடைக்கும் திருகு மூடி), ஒரு கிளாண்டுக்கு ஒரு கேபிள். கேபிளைக் கிளாண்டுக்குக் கீழே தொங்கவிட்டு வளைத்து மேலே ஏற்றினால் நீர் வளைவிலேயே சொட்டிவிடும்.

இவ்வளவு செய்தும் உள்ளே ஈரம் வரும். மத்தியான வெயிலில் பெட்டிக்குள் காற்று விரிந்து வெளியேறும். பின்னேரம் மழை பெய்து பெட்டி திடீரென்று குளிர்ந்தால், ஈரக்காற்றை உள்ளே இழுத்து வியர்க்கும். அதற்குத்தான் நீரை விடாமல் காற்றை மட்டும் விடும் சவ்வு வைத்த மூச்சுத்துளை. சின்னச் சாமான்தான், பெரும்பாலும் மறந்துபோவதும் அதைத்தான்.

அப்புறம் உப்புக்காற்று. ஐபி எண் துருவைப் பற்றி எதுவும் சொல்லாது. பெயின்ட் அடித்த இரும்பில் துளையின் விளிம்பிலும் பிணைச்சலிலும் துரு தொடங்கும். 304 என்ற ரக எவர்சில்வரிலும் கடலோரத்தில் பழுப்புப் புள்ளி விழும். மொலிப்டினம் என்ற உலோகம் கலந்த 316 ரகம் தாங்கும், ஆனால் விலை கடிக்கும். காலி வீதிக்குக் கடல்பக்கம் என்றால் நான் கண்ணாடியிழைப் பெட்டியைத்தான் சொல்வேன். அது மின்சாரம் கடத்தாது, எனவே உள்ளே எர்த் வயர்களைச் சேர்க்கும் உலோகப் பட்டை தனியாக வேண்டும்.

சூட்டுக்கு ஃபேன் துவாரம் வெட்டினால் ஐபி எண் இறங்கிவிடும். வீட்டுப் பாவனை நெட்வொர்க் சுவிட்சுகள் பலவற்றுக்கு 40 பாகைதான் எல்லை. வெயில்படும் பெட்டிக்குள் அது சுலபமாகத் தாண்டும். கொஞ்சம் பெரிய, வெளிர்நிறப் பெட்டி, அதற்கு மேல் இடைவெளி விட்டு ஒரு தகடு, கூடுதல் சூடு தாங்கும் சுவிட்ச். இதுதான் என் வழி.

அந்தத் தொடர்மாடியில் பெட்டியை மாற்றவில்லை. மேல்துளையை ரப்பரும் தகடும் வைத்து மூடி, கேபிள்களை அடியால் எடுத்தோம். புதிதாக வாங்கியது சுவிட்சும் நாலு கிளாண்டும்தான்.