அருகிவரும் இனமா, ஆபத்தான இனமா?

‘திட்டப் பகுதியைச் சுற்றி 10 கிலோமீட்டருக்குள் ஆபத்தான இனங்கள் ஏதும் இல்லை.’ ஒரு கல்குவாரிக்கான சுற்றுச்சூழல் அறிக்கையின் தமிழ்ச் சுருக்கத்தில் இப்படி ஒரு வரி. பிழை திருத்தித் தரச்சொல்லி என்னிடம் வந்தது. கரடும் முட்புதருமான இடம். அங்கே கண்ணாடிவிரியன் கூடவா இல்லை? ஆங்கில மூலத்தைப் புரட்டினால் ‘எண்டேஞ்சர்ட் ஸ்பீஷீஸ்’ என்று இருக்கிறது. இந்த ‘ஆபத்தான இனம்’ என் கண்ணில் படுவது எத்தனையாவது தடவை என்று எண்ணுவதையே விட்டுவிட்டேன்.

ஆபத்தான விலங்கு என்றால் கடிக்கும், முட்டும், மிதிக்கும். எண்டேஞ்சர்ட் விலங்கோ தானே ஆபத்தில் மாட்டிக்கொண்டது. வரையாடும் அப்படி மாட்டிக்கொண்டதுதான். புல் மேய்ந்துகொண்டு பாறை விளிம்பில் நிற்கிற அதனால் யாருக்கு என்ன ஆபத்து?

ஆங்கிலச் சொல்லின் பிறப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ‘டேஞ்சர்’ பழைய பிரெஞ்சு வழியாக வந்தது. அதற்கும் மூலம் லத்தீனில் எசமானைக் குறிக்கும் சொல். ஒரு பிரபுவின் பிடிக்குள் அகப்படுவதுதான் முதற்பொருள், ஆபத்து என்பது பிற்பாடு வந்த பொருள். ‘எண்டேஞ்சர்ட்’ என்பதைச் சட்டத்துக்குள் கொண்டுபோனவர்கள் அமெரிக்கர்கள், முதலில் 1966இலும் பிறகு விரிவாக 1973இலும். ‘ஸ்பீஷீஸ்’ என்பதற்குப் பாடநூல்காரர்கள் சிற்றினம் என்கிறார்கள், எனக்கு இனமே போதும்.

‘ஆபத்தான’ வெறும் கவனக்குறைவு, திருத்தினால் முடிந்தது. எனக்கு உண்மையான வழக்கு ‘அழிந்துவரும்’ என்பதோடுதான். நாளிதழ், வானொலி, பள்ளிச் சுவரோவியம் எங்கும் இதுதான் ஓடுகிறது. கேட்க உருக்கமாக இருக்கிறது, சரி. ஆனால் எந்த உயிரினம் எந்த நிலையில் இருக்கிறது என்று வகுக்கும் ஐயூசிஎன் என்ற உலக இயற்கைப் பாதுகாப்பு அமைப்பின் சிவப்புப் பட்டியல் உருக்கத்தை வைத்து எழுதியதல்ல, கணக்கை வைத்து எழுதியது. இனப்பெருக்க வயதை எட்டிய விலங்குகள் 2,500க்கும் கீழே போய், இன்னும் வேகமாகக் குறைந்துகொண்டிருந்தால் ஒரு படி. 250க்கும் கீழே போனால் அதைவிட மோசமான படி. எல்லாவற்றுக்கும் ‘அழிந்துவரும்’ என்று ஒரே முத்திரையைக் குத்தினால், டைக்ளோஃபெனாக் என்ற வலிமருந்து ஊசி போட்ட மாடுகளின் பிணத்தைத் தின்று கூட்டம் கூட்டமாய் மடிந்த பாறு கழுகுக்கும் வரையாட்டுக்கும் என்ன வேறுபாடு சொல்வீர்கள்?

இன்னொரு கூத்தும் உண்டு. நம் வனவுயிர் சட்டத்தின் முதல் அட்டவணையில் மயில் இருக்கிறது. உடனே மொழிபெயர்ப்பாளர் ‘அழிந்துவரும் இனமான மயில்’ என்று எழுதிவிடுகிறார். சட்டப் பாதுகாப்பு வேறு, எண்ணிக்கை நிலை வேறு. சிவப்புப் பட்டியலில் மயில் கவலைக்கிடமில்லாத வகுப்பில் இருக்கிறது. கொங்குப் பக்கம் நிலக்கடலை போட்டவரிடம் மயில் அழிந்துவருகிறது என்று சொல்லிப் பாருங்கள்.

போதாக்குறைக்கு, இந்த ‘அழிந்துவரும்’ தலைப்புக்கு வரும்போது இடம் போதாமல் ‘அழிந்த’ ஆகிவிடும். அழிந்தது என்றால் சிவிங்கிப்புலி (சீட்டா): இந்தியாவில் அற்றுப்போனதாக 1952இல் அறிவித்தார்கள். இருக்கிற விலங்கை அழிந்தது என்று எழுதினால், அப்புறம் எதைப் போய்க் கணக்கெடுப்பது?

இதற்கெல்லாம் நான் சொல்லும் சொல் ‘அருகிவரும்’. அருகுதல் என்றால் குறைதல், அரிதாதல். அரிது, அருமை இவற்றோடு வைத்துப் பார்க்க வேண்டிய சொல். இலக்கணம் படித்தவர்களுக்கு ‘அருகிய வழக்கு’ நன்றாகத் தெரியும்: வழக்கொழிந்துவிடவில்லை, ஆனால் எப்போதாவதுதான் வரும். நமக்கு வேண்டிய பொருள் அச்சு அசலாக இதுதான். இணையத் தமிழில் ‘அருகிய இனம்’, அதற்கு மேல் ‘மிக அருகிய இனம்’ என்று படிப்படியாகவும் வகுத்திருக்கிறார்கள். அவர்களே, அருகிய நிலைக்கு முந்தைய படியான ‘வல்னரபிள்’ என்பதற்கு ‘அழிவாய்ப்பு இனம்’ என்று வைத்ததுதான் எனக்கு ஒப்பவில்லை. வேலைவாய்ப்பு மாதிரி அழிவதற்கு ஒரு வாய்ப்பா? நலிந்துவரும் இனம் என்றால் என்ன குறைந்துவிடும்?

அதே அறிக்கையின் பின்னட்டையில் தயாரித்த நிறுவனம் தன்னைப் பற்றிப் போட்டுக்கொண்டது: ‘ஆபத்தான இனங்களை நில அளவை செய்து பாதுகாக்கும் கலந்தாய்வுச் சேவைகள்.’ சர்வே என்றாலே சங்கிலி பிடித்து அளப்பது என்று நினைத்துவிட்டார்கள் போல. கலந்தாய்வு என்றால் பொறியியல் கல்லூரியில் இடம் பிடிக்கிற வேலை என்று ஆகிப் பல காலமாயிற்று. விடியற்காலையில் குறித்த தடத்தில் நடந்து, எச்சத்தையும் கால்தடத்தையும் குறித்து, தானியங்கிக் கேமராவை மரத்தில் கட்டுகிற வேலைக்குக் கள ஆய்வு என்று பெயர். தலை எண்ணினால் கணக்கெடுப்பு. ‘அருகிவரும் இனங்களுக்கான கள ஆய்வு, பாதுகாப்பு ஆலோசனை’ என்று எழுதினால் யாருக்கும் புரியும்.

இந்தச் சுருக்கத்தை வட்டார மொழியிலும் தர வேண்டும் என்பது ஒன்றிய அரசின் 2006ஆம் ஆண்டு சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின் விதி. ஊர்க்காரர்கள் அதைப் படித்துவிட்டுத்தான் கருத்துக்கேட்புக் கூட்டத்துக்கு வருவார்கள். ‘ஆபத்தான இனம் இல்லையாமே, போன வாரம்கூடப் பாம்பு அடித்தோமே’ என்று ஒருவர் எழுந்தால் சிரிப்பார்கள். கேட்க வேண்டிய கேள்வி கேட்கப்படாமலே கூட்டம் கலைந்துவிடும்.

என் சொல்லிலும் ஒரு கோளாறு இருப்பதை ஒப்புக்கொள்கிறேன். ‘ஆபத்தான’ என்பதை அடித்துவிட்டு ‘அருகிவரும் இனங்கள் ஏதும் இல்லை’ என்று திருத்தி அனுப்பினேன். அச்சாகி வந்தபோது ‘அருகில் வரும் இனங்கள் ஏதும் இல்லை’ என்று இருந்தது. யாரோ நல்லெண்ணத்தில் எனக்குப் பிழை திருத்தியிருக்கிறார். அதிலிருந்து ‘எண்ணிக்கை அருகிவரும் இனம்’ என்றே எழுதுகிறேன். ஒரு சொல் நீளம்தான். ஆனால் இதுவரை யாரும் கை வைக்கவில்லை.