டாவி வால்வு சிகிச்சை: காப்பீட்டு அட்டை எதுவரை கைகொடுக்கும்?

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை கட்டணமில்லாமல் சிகிச்சை பெறலாம். மருத்துவர்கள் டாவி என்று சொல்லும் இதய வால்வு மாற்றுக்குத் தனியார் மருத்துவமனைகள் கேட்கும் தொகை பெரும்பாலும் 10 லட்சத்தைத் தாண்டும். நகையை அடகு வைக்கக் கிளம்பும் முன் இந்த இரண்டு தொகைகளையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள்.

இதயத்திலிருந்து உடலுக்கு ரத்தம் வெளியேறும் வாசலில் இருப்பது பெருநாடி வால்வு. வயதாகும்போது அதில் சுண்ணாம்பு படிந்து இறுகிவிடும். மூச்சுத் திணறல், நெஞ்சுவலி, மயக்கம் தொடங்கிவிட்டால் மாத்திரையால் அதைத் திறக்க முடியாது. நெஞ்சைத் திறந்து வால்வை மாற்றுவது பழைய வழி. தொடை ரத்தக்குழாய் வழியாக மெல்லிய குழாயைச் செலுத்திப் புது வால்வைப் பொருத்துவது டாவி. 2002இல் பிரான்சில் அலைன் கிரிபியே முதன்முதலாகச் செய்தார்.

திட்டத்தில் சேர குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். வருமானச் சான்று, குடும்ப அட்டை, ஆதார் ஆகியவற்றுடன் சென்னையில் இருப்பவர்கள் ராஜாஜி சாலை ஆட்சியர் அலுவலகத்தில், அதாவது சிங்காரவேலர் மாளிகையில், உள்ள காப்பீட்டுப் பதிவு மையத்துக்குப் போக வேண்டும். திருவொற்றியூர், மாதவரம்காரர்களுக்கும் இதே அலுவலகம்தான். 2018இலேயே அவை சென்னை மாவட்டத்துக்குள் வந்துவிட்டன. மகன் வீட்டில் இருக்கும் தாய் தந்தைக்கும் இதில் இடம் உண்டு, ஆனால் அவர்கள் பெயர் குடும்ப அட்டையில் இருக்க வேண்டும். ஊரில் இருக்கும் அண்ணன் அட்டையில் அம்மாவின் பெயரை விட்டுவைத்துவிட்டு இங்கே வந்து அலைவது வீண் வேலை. சந்தேகம் இருந்தால் 1800 425 3993 என்ற கட்டணமில்லா எண்ணில் கேட்கலாம்.

வருமான வரம்பைத் தாண்டியவர்களுக்கு வேறொரு வழி இருக்கிறது. 70 வயதை எட்டிய எல்லோருக்கும், வருமானம் எவ்வளவாக இருந்தாலும், 5 லட்சம் வரை காப்பீடு என்று மத்திய அரசு 2024 அக்டோபர் 29 அன்று ஆயுஷ்மான் வய வந்தனா அட்டையை அறிவித்தது. சேரப்போகும் மருத்துவமனை அந்த அட்டையை ஏற்கிறதா என்பதைச் சேரும் முன்பே கேட்டுவிடுங்கள்.

இங்கே பலர் தடுக்கி விழும் இடம் ஒன்று. "வால்வு ஆபரேஷனுக்குக் காப்பீடு உண்டு" என்ற பதிலை மட்டும் நம்பாதீர்கள். நெஞ்சைத் திறந்து செய்வதும் குழாய் வழியாகச் செய்வதும் காப்பீட்டுக் கணக்கில் ஒன்றல்ல. மருத்துவர் எழுதிய சிகிச்சைப் பெயரை அப்படியே காட்டி, முன் அனுமதி கிடைத்ததா, எவ்வளவுக்குக் கிடைத்தது, மிச்சம் யார் தலையில் என்று சேர்வதற்கு முன் கேளுங்கள். ராயபுரம் ஸ்டான்லி அரசு மருத்துவமனை இதயப் பிரிவில் முதலில் கருத்துக் கேட்டுவிட்டுத் தனியாருக்குப் போவதே என் கணக்கில் புத்திசாலித்தனம்.

பணத்தைவிடப் பெரிய கேள்வியை வீட்டில் யாரும் கேட்பதில்லை: வால்வு வைத்த பிறகு எத்தனை ஆண்டு, எப்படிப்பட்ட ஆண்டு?

அறுவை சிகிச்சையைத் தாங்கவே மாட்டார்கள் என்று ஒதுக்கப்பட்ட, சராசரி 83 வயது முதியவர்களிடம் நடந்த பார்ட்னர் ஆய்வின் முடிவு 2010இல் வந்தது. டாவி செய்துகொண்டவர்களில் ஓராண்டுக்குள் இறந்தவர்கள் 30.7 விழுக்காடு, செய்யாதவர்களில் 50.7. ஐந்தாண்டில் அது 71.8, 93.6 என்று ஆனது. பின்னாளில் சராசரி 73 வயதுள்ள, ஓரளவு திடமானவர்களிடம் நடந்த ஆய்வில் டாவிக்குப் பின் ஐந்தாண்டு இறப்பு 10 விழுக்காடுதான். வால்வும் மேம்பட்டது, வயதும் குறைவு. ஆனாலும் இவ்வளவு பெரிய இடைவெளிக்கு முக்கியக் காரணம் வால்வு போய்ச் சேர்ந்த உடல்.

இதைத்தான் உடல் நலிவு என்கிறார்கள். வயது மட்டும் நலிவு ஆகாது. காசிமேட்டில் இன்றும் மீன்கூடை தூக்கும் 78 வயது ஆயாவும், அதே வயதில் கட்டிலை விட்டு இறங்காதவரும் ஒன்றா? 2017இல் வெளியான, 1,020 நோயாளிகளிடம் நடந்த ஆய்வு எளிய நான்கு அளவுகளைத் தேர்ந்தது: கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து ஐந்து முறை எழ 15 விநாடிக்கு மேல் ஆகிறதா, நினைவாற்றல் குறைந்திருக்கிறதா, ரத்தத்தில் ஹீமோகுளோபின் குறைவா, அல்புமின் என்ற புரதம் குறைவா. இவை கூடக் கூட ஓராண்டுக்குள் இறக்கும் ஆபத்தும் ஏறியது. கடும் நலிவும் மறதியும் சேர்ந்தவருக்கு டாவியே வேண்டாம் என்று மருத்துவர் சொன்னால், அதைக் கைவிடுதலாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

அந்த நான்கு அளவுகளில் சிலவற்றைச் சரிசெய்ய முயலலாம், அதற்குக் காப்பீட்டு அட்டை தேவையில்லை. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகளோடு இயன்முறை சிகிச்சையும் ஆதரவு சிகிச்சையும் வீடு தேடி வரும். வீட்டுக்கு அருகிலுள்ள மாநகராட்சி ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் கொடுங்கள். மருத்துவமனையிலிருந்து வந்ததும் "படுத்திரு, எழாதே" என்று பாசத்தோடு கட்டிப்போடுவதுதான் நம் வீடுகளின் பெரிய கெடுதல். மருத்துவர் அனுமதித்த அளவு நடக்க வையுங்கள். முட்டை, மீன் கொடுங்கள். கருவாட்டை மறந்துவிடுங்கள், அதில் இருப்பது உப்பு.

வீடு திரும்பும்போது பொருத்திய வால்வின் பெயரும் அளவும் குறித்த அட்டையை மருத்துவமனையில் கேட்டு வாங்குங்கள். காப்பீட்டு அட்டையோடு அதையும் ஒரே பையில் வைத்து, பல் பிடுங்கப் போனாலும் முதலில் அதைக் காட்டுங்கள். கிருமி வால்வில் தங்காமலிருக்க அதற்கு முன்பே மருந்து தர வேண்டியிருக்கும்.