முருங்கையிலையின் இரும்பு உடம்பில் எப்படிச் சேருகிறது?

இரத்தம் குறைவு என்று கிளினிக்கில் சொல்லிவிட்டால், திருகோணமலையில் அன்றைக்கே முருங்கையிலை வறை அடுப்பில் ஏறிவிடும். நல்ல வழக்கம். ஆனால் வறையில் உள்ள இரும்பில் பெரும்பங்கு இரத்தத்துக்குப் போகாமலே கழிந்துவிடுகிறது. உலகில் 15 முதல் 49 வயது வரையான பெண்களில் ஏறத்தாழ 30 சதவீதத்தினருக்கு இரத்தச்சோகை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. இரும்புக் குறைபாடு அதற்கு ஒரு முக்கிய காரணம். அதனால் எவ்வளவு சாப்பிட்டோம் என்பதோடு, எதனோடு சேர்த்துச் சாப்பிட்டோம் என்பதையும் பார்க்க வேண்டியிருக்கிறது.

மீனிலும் இறைச்சியிலும் உள்ள இரும்பில் ஒரு பகுதி ‘ஹீம்’ என்ற மூலக்கூறுக்குள் பத்திரமாக இருக்கிறது. குடல் அதை அப்படியே எடுத்துக்கொள்ளும். 15 முதல் 35 சதவீதம் வரை சேரும். கீரை, பருப்பு, சோற்றில் உள்ள இரும்புக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது. அதில் பெரும்பாலானது மூன்று நேர்மின்னேற்றம் கொண்டது. இரைப்பையின் அமிலத்தைத் தாண்டி முன்சிறுகுடலுக்கு வந்ததும் அது கரையாத படிவாகிவிடப் பார்க்கும். குடற்சுவரில் இரும்புக்கென்று இருக்கும் கதவோ இரண்டு மின்னேற்றம் உள்ள இரும்பை மட்டுமே உள்ளே விடும்.

இந்த இடத்தில்தான் தேசிக்காய் உதவுகிறது. அதிலுள்ள விற்றமின் சி ஓர் இலத்திரனைக் கொடுத்து மூன்றை இரண்டாக்கும். இரும்பைக் கரைந்த நிலையிலேயே பிடித்தும் வைத்திருக்கும். சூட்டில் விற்றமின் சி சிதைவதால், வறையை இறக்கிய பிறகு தேசிக்காய்ப் புளி விடுவதே சரி.

நெத்தலிக் கருவாடு இன்னொரு துணை. மீன் தன் இரும்பைத் தருவதோடு, அதே தட்டில் உள்ள கீரையின் இரும்பும் கூடுதலாகச் சேர வைக்கிறது. கொஞ்சம் போட்டாலே பலன் உண்டு. மாரியில் கடல் கொந்தளித்து வள்ளங்கள் கரையில் கிடக்கும் நாட்களிலும் கருவாடு கைவசம் இருக்கும்; காய்வதால் இரும்பு போய்விடாது. உப்பு மட்டும் அதிகம், ஊறவைத்துக் கழுவிக்கொள்ள வேண்டும். மலிவான இந்தச் சிறு மீனைக் குழந்தைகளின் தட்டில் நாம் இன்னும் தாராளமாக வைக்கலாம் என்பேன்.

சாப்பிட்ட கையோடு குடிக்கும் பிளேன்ரீ இவ்வளவையும் கெடுத்துவிடும். தேயிலையின் பொலிபீனோல்கள் இரும்பைக் கட்டிப்போட்டுக் கதவருகே போகவிடாமல் செய்கின்றன. 1999இல் வெளியான ஓர் ஆய்வில், பாணோடு குடித்த கறுப்புத் தேநீர் இரும்பு உறிஞ்சப்படுவதை 79 முதல் 94 சதவீதம் வரை குறைத்தது. ஒரு மணித்தியாலம் கழித்துக் குடித்தால் பாதிப்பு வெகுவாகக் குறையும்.

மச்சம் சாப்பிடாதவர்கள் பயறை முளைக்கவிட்டுச் சமைக்கலாம். இரும்பைப் பிடித்து வைத்திருக்கும் பைற்றேற்று முளைக்கும்போது உடைந்து குறைகிறது. அப்புறம், கிளினிக்கில் தரும் இரும்பு மாத்திரைக்கும் இதே விதிதான்: தேத்தண்ணியோடு விழுங்க வேண்டாம், தேசிக்காய்த் தண்ணி நல்லது.