சம்பளம், தோப்பு, கோழிப்பண்ணை: இலவச சாஃப்ட்வேரில் சிக்கும் வரிக் கணக்கு

ஆடி பிறந்துவிட்டால், வரிக் கணக்கு பார்க்கும் எங்கள் ஆபீஸில் உட்கார இடம் இருக்காது. கணக்குத் தாக்கல் செய்ய வருகிறவர்களைவிட, தாங்களே தாக்கல் செய்துவிட்டு நோட்டீஸோடு வருகிறவர்களைப் பார்த்தால்தான் எனக்குக் கவலை.

அப்படி வந்தவர் ஒருவர். திருப்பூர் எக்ஸ்போர்ட் கம்பெனியில் மெர்ச்சண்டைசர். காங்கேயம் பக்கம் தென்னந்தோப்பு, கொஞ்சம் மஞ்சள், இரண்டு பிராய்லர் ஷெட். இலவச சாஃப்ட்வேர் ஒன்றில் பான் எண்ணைக் கொடுத்ததும் சம்பளம் தானாக வந்து உட்கார்ந்துகொண்டது. கோழி கம்பெனி வளர்ப்புக் கூலியில் பிடித்த டிடிஎஸ்ஸும் (பணம் தரும்போதே பிடித்துக் கட்டும் வரி) வந்தது. ஆனால் கூலி வரவில்லை, அவரும் சேர்க்கவில்லை. ‘ரீஃபண்டு உண்டு’ என்று திரையில் பச்சையாகக் காட்டியதும் சந்தோஷமாக அனுப்பிவிட்டார். வருமானத்தைக் காட்டாமல் அதன் டிடிஎஸ்ஸை மட்டும் கேட்டால், கணக்கு குறைபாடுள்ளது என்று நோட்டீஸ் வரும். சரிசெய்ய 15 நாள்தான்.

“ஏனுங்க, விவசாயத்துக்குத்தான் வரியே இல்லைங்களே?” என்றார். தோப்பு விவசாயம்தான். கோழி வளர்ப்பு வருமான வரிக் கண்ணில் விவசாயம் இல்லை, அது தொழில். ஒரே தோட்டத்து வேலிக்குள் இருப்பதால் நமக்கு இரண்டும் ஒன்றாகத் தெரிகிறது, அவ்வளவுதான்.

அவர் போட்டது ஐடிஆர்-1, அதாவது சம்பளக்காரர்களுக்கான எளிய படிவம். தொழில் வருமானம் இருந்தால் அது ஆகாது. சரி, சிறு தொழிலுக்கான ஐடிஆர்-4 போடலாமே என்றால், விவசாய வருமானம் 5,000 ரூபாயைத் தாண்டினால் அதுவும் கூடாது. ஐடிஆர்-3க்குத்தான் போக வேண்டும். நான் பார்த்த இலவசத் தளங்கள் பலவற்றில் அந்தப் படிவத்தைத் தொட்டதும் ‘பிளான்’ வாங்கச் சொல்லும். அதில்கூட எனக்குப் பெரிய கோபமில்லை. தோட்டம் இருக்கிறதா என்று முதலிலேயே கேட்பதில்லை, அதுதான் கோபம்.

வரியில்லாத விவசாய வருமானத்தை எதற்குக் காட்ட வேண்டும்? மற்ற வருமானத்துக்கான வரியை அது ஏற்றிவிடும், அதற்காகத்தான். 2025-26 நிதியாண்டின் புதிய வரி முறையில், கழிவுகள் போக மற்ற வருமானம் 14 லட்சம், தோப்பில் நிகரமாக 4 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். தோப்பை மறந்தால் வரி 90,000. சேர்த்தால், 18 லட்சத்துக்கான வரி 1,60,000. அதில் விவசாய வருமானத்தோடு 4 லட்சம் அடிப்படை விலக்கைக் கூட்டி, அந்த 8 லட்சத்துக்கான வரி 20,000ஐக் கழிக்க வேண்டும். மீதி 1,40,000. வித்தியாசம் 50,000, வரி மேல் போடும் செஸ் தனி. தோப்பைப் பற்றி நாம் சொல்லாவிட்டால் எந்த சாஃப்ட்வேரும் இந்தக் கணக்கைப் போடாது.

ஒரே சம்பளம், ஒரு வீடு, பேங்க் வட்டி என்று இருப்பவர் எனக்குக் காசு கொடுக்கவே வேண்டாம். வருமான வரித்துறையின் சொந்தத் தளமே இலவசம்தான், அது போதும். (இதைச் சொன்னதற்கு என் பார்ட்னர் முறைக்கிறார்.) அனுப்பிய 30 நாளுக்குள் ஈ-வெரிஃபை (ஆன்லைனில் உறுதிப்படுத்துவது) செய்ய மட்டும் மறக்க வேண்டாம்.

காடு, தோட்டம் விற்றவர்கள் மட்டும் சாஃப்ட்வேரைத் திறக்கும் முன்பே யாரிடமாவது கேட்டுவிடுங்கள். விவசாய நிலமாகவே இருந்தாலும், 10 லட்சத்துக்கு மேல் மக்கள்தொகை உள்ள ஊரின் எல்லையிலிருந்து 8 கிலோமீட்டருக்குள் இருந்தால், விற்ற லாபத்துக்கு மூலதன ஆதாய வரிக் கணக்கு வரும். அந்தத் தூரம் பஸ் போகும் வழியில் அளப்பதல்ல, நேர்கோட்டில் அளப்பது.