பஞ்சர் கடைக்காரர் ஏன் ஓடுகிறார்?

சேலம்–கொச்சி நெடுஞ்சாலையில் பெருந்துறை, அவிநாசிப் பக்கம் வண்டிகள் மோதிய சத்தம் கேட்டால், 108 வருவதற்கு முன்பே நாலைந்து பேர் அங்கே இருப்பார்கள். பஞ்சர் கடைக்காரர் நசுங்கிய கதவைக் கடப்பாரையால் நெம்புவார். பேக்கரியில் டீ ஆற்றுபவர் போக்குவரத்தைத் திருப்பிவிடுவார். "தங்கமான மனசு" என்று ஊர் சொல்லும். பாராட்டு சரிதான், ஆனால் அது எதையும் விளக்குவதில்லை. ஓரமாக நின்று வேடிக்கை பார்ப்பவர்களும் கல்நெஞ்சக்காரர்கள் அல்லவே.

1968இல் ஜான் டார்லி, பிப் லட்டானே என்ற அமெரிக்க உளவியலாளர்கள் ஒரு சோதனையின் முடிவுகளை வெளியிட்டார்கள். தனித்தனி அறைகளில் இருந்தவர்கள் இன்டர்காம் வழியாகப் பேசிக்கொண்டிருக்கும்போது ஒருவருக்கு வலிப்பு வந்ததுபோல் சத்தம் கேட்கும். தான் ஒருவர் மட்டுமே கேட்பதாக நினைத்தவர்களில் 85 சதவீதத்தினர் வலிப்பு அடங்குவதற்குள் வெளியே வந்து தகவல் சொன்னார்கள். இன்னும் நான்கு பேர் கேட்பதாக நம்பியவர்களில் அப்படிச் செய்தவர்கள் 31 சதவீதம்தான். யாராவது பார்த்துக்கொள்வார்கள் என்று ஒவ்வொருவரும் நினைத்தால் பொறுப்பு யாரிடமும் தங்குவதில்லை.

இதை வைத்துக்கொண்டு மனிதர்களையே சபிப்பது நமக்குப் பழக்கமாகிவிட்டது. அது அவசரத் தீர்ப்பு. அடுத்த ஆண்டே வெளியான இன்னொரு ஆய்வில், நியூயார்க் சுரங்க ரயிலில் ஊன்றுகோலுடன் வந்த ஒருவரை விழவைத்துப் பார்த்தார்கள். 65 முறையில் 62 முறை பயணிகள் தாமாகவே தூக்கிவிட்டார்கள். விழுந்தவர் கண்ணெதிரே கிடந்தார், என்ன நடந்தது என்பதிலும் சந்தேகமில்லை. 2019இல் வெளியான ஓர் ஆய்வு, மூன்று நாடுகளில் கண்காணிப்புக் கேமராக்களில் பதிவான தெருச் சண்டைகளை அலசியது. பத்தில் ஒன்பதில் யாராவது ஒருவர் குறுக்கே புகுந்திருந்தார்.

அந்த 'யாராவது ஒருவர்' யார் என்பதுதான் சுவாரசியமான கேள்வி. கொங்கு நாட்டுத் தோட்டங்களில் பாறையை உடைத்து இறக்கிய ஆழக் கிணறுகள் உண்டு. பிள்ளை தவறி விழுந்துவிட்டால் ஊரே ஓடும், குதிப்பவர் ஒருவர்தான். சிறு வயதில் அதே கிணற்றில் குதித்து நீந்தியவராக இருப்பார். இன்னொருவர் கயிற்றுக் கட்டிலின் நாலு காலிலும் வடத்தைக் கட்டி இறக்குவார். மற்றவர்கள் 'என்ன செய்வது' என்று திகைக்கும் சில வினாடிகள் இவர்களுக்குத் தேவைப்படுவதில்லை. கைக்குத் தெரிந்த வேலை கால்களை முன்னே தள்ளுகிறது.

ஒருமுறை இறங்கியவரை மறுமுறை ஊர் பெயர் சொல்லி அழைக்கும். திரும்பத் திரும்ப ரத்தம் கொடுப்பவர்களை ஆராய்ந்தவர்கள் கண்டதும் இதைத்தான். முதல் சில முறை யாரோ கேட்டதற்காகக் கொடுக்கிறார்கள். பிறகு 'நான் ரத்தம் கொடுக்கிறவன்' என்பதே அவர்களின் அடையாளமாகிவிடுகிறது. ரத்த சொந்தத்துக்கு உதவுவதை 1964இல் ஹாமில்டன் என்ற உயிரியலாளரும், கைம்மாறு எதிர்பார்த்து உதவுவதை 1971இல் டிரிவர்ஸ் என்ற உயிரியலாளரும் பரிணாமத்தால் விளக்கினார்கள். ஆனால் புறவழிச்சாலையில் அடிபட்டுக் கிடக்கும் வெளிமாநில லாரி ஓட்டுநர் சொந்தமும் அல்ல, நாளை வந்து மொய் எழுதப்போகிறவரும் அல்ல. இங்கே வேலை செய்வது ஊரில் கிடைக்கும் பெயரும், தன்னைப் பற்றித் தானே வைத்திருக்கும் மதிப்பும்.

இதயம் நின்றவருக்கு நெஞ்சை அழுத்தாமல் கடக்கும் ஒவ்வொரு நிமிடமும் பிழைக்கும் வாய்ப்பை 7 முதல் 10 சதவீதம் குறைக்கிறது. நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, குறைந்தது 5 செ.மீ. ஆழம் அழுத்த வேண்டும். இதை ஒரு மதியத்தில் பழகிவிடலாம். பழகியவர் கூட்டத்தில் ஒதுங்கி நிற்பது கடினம்.

தயங்க வைக்கும் இன்னொன்று போலீஸ், கோர்ட் என்ற பயம். 2016இல் உச்ச நீதிமன்றம் உதவுபவர்களுக்குப் பாதுகாப்பு அளித்தது. 2019 திருத்தத்தில் மோட்டார் வாகனச் சட்டத்தின் 134ஏ பிரிவாகவே அது வந்துவிட்டது. அடிபட்டவரை ஆஸ்பத்திரியில் சேர்த்தவர் பெயரைக்கூடச் சொல்லாமல் கிளம்பலாம். பேக்கரிகளில் இதைச் சொல்லிப் பாருங்கள், பாதிப் பேர் நம்ப மாட்டார்கள்.